மூன்றாவது கார்பன்

குவைத்திலிருந்து வந்த சிக்கந்தர்
சட்டைத்துணிக்கு நடுவே சுற்றி எடுத்துவந்த கேசட்.
ஏ பக்கம், நான்காவது பாட்டு.
முதலில் ஒரு சங்கு ஊதும்.
அப்புறம் தாளம்
இடுப்பைப் பிடித்து உலுக்கும்.

அந்த வருஷம் நீடாமங்கலம் சுற்றி
காதுகுத்து, சடங்கு, கடைத்திறப்பு
எதுவானாலும் என் குழாயில் அதுதான்.
விநாயகர் துதி முடிந்த கையோடு
"அந்தச் சங்குப் பாட்டைப் போடுண்ணே" என்பார்கள்.
ரயில்வே கேட் சாத்தி
பஸ்ஸெல்லாம் கடைத்தெரு முடிய நின்றால்
குழாயை ரோட்டுப் பக்கம் திருப்பி வைப்பேன்.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பையன்கள்
ஜன்னலுக்கு ஜன்னல் ஆடிக்கொண்டே போவார்கள்.
பாட்டு நாலு நிமிஷம்.
கேட் எப்போது திறக்கும் என்று
கேட்கீப்பருக்கே தெரியாது.

என்ன சொல்கிறது என்று நான் யோசித்ததில்லை.
காதல் என்று வைத்திருந்தேன்.
குரல் அப்படிக் கெஞ்சும்.

மாடியில் தட்டச்சுப் பள்ளி.
ரெஜினா டீச்சர் ஒருநாள் இறங்கிவந்து
"இதை மறுபடி போடுங்க" என்றாள்.
கையில் சுருக்கெழுத்து நோட்டு.
ஏழு தரம் போட்டேன்.
கெட்டிக் கோடு, மெல்லிய கோடு, புள்ளி, கொக்கி,
கோழி கிளறிய மாதிரி ஒரு பக்கம்.
சாயங்காலம் தமிழில் அடித்துக் கொண்டுவந்தாள்.
பழக்கதோஷம், மூன்று பிரதி.
எனக்கு மூன்றாவது, மங்கலாய்:

அம்மா, கொடியில் துணி காயப்போடாதே
பூட்டுச் சாவி தேடாதே
நாலு நிமிஷம் என்கிறது ரேடியோ
ஒரு முட்டை அரைவேக்காடாகும் நேரம்
நீ கொஞ்சம் தள்ளி நில்
சுவரில் ஒட்டப்போகிற என் நிழலில்
உனக்கும் இடம் இருக்கட்டும்
விடிந்தால் நாமெல்லாம் ............

அந்த இடத்தில் புள்ளிகள்.
"ஒரு வார்த்தை மட்டும் பிடிபடலைங்க,
டிரம்ஸ் அமுக்கிடுச்சு."

"அப்ப சங்கு?"

"குண்டு வருதுன்னு ஊதறது."

நான் ரைஸ்மில் சங்கு என்று இருந்தேன்.
வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று.

ராத்திரி மூணாறு தலைப்பில் போய் நின்றேன்.
ஆனி மாசம். மேட்டூர்த் தண்ணீர்
நுரையும் சருகுமாய் வந்துகொண்டிருந்தது.
வெண்ணாறு, கோரையாறு, பாமணி.
லஸ்கர் டார்ச் அடித்து அளவுகோலைப் பார்த்து
நோட்டில் எழுதினார்.
செத்த ஆடு ஒன்று வந்தது.
சுற்றிச் சுற்றி யோசித்து, பாமணிக்குப் போயிற்று.

அது விழுந்தால்
சாம்பலும் இப்படித்தான் வரும்.
மதகு கேள்வி கேட்காது.
முறை வைத்து இந்த ஆற்றுக்கு இவ்வளவு,
அந்த ஆற்றுக்கு இவ்வளவு,
கடைமடைக்கு எப்போதும்போல் கடைசியில்,
எப்போதும்போல் குறைச்சலாய்.
முதல்தடவையாகக் கடைமடைக்காரன்
கொடுத்துவைத்தவன்.

அடுத்த முகூர்த்தம், கொரடாச்சேரியில் மஞ்சள் நீராட்டு.
சங்கைத் தாண்டி, தாளத்திலிருந்து போட்டேன்.
பந்தல் அப்படியே உட்கார்ந்திருந்தது.
மாலையோடு நாற்காலியில் இருந்த பெண்
விரலை ஆட்டிக் கூப்பிட்டாள்.
"சங்கு எங்கண்ணே?"
"டேப்பு தேஞ்சுபோச்சும்மா."
"பொய். ஊதச் சொல்லுங்க.
அப்பத்தான் எல்லாரும் ஓடியாருவாங்க."

ரீவைண்ட் செய்தேன்.
ஊதியது.
கொல்லையிலிருந்து, கோட்டையடுப்பிலிருந்து,
வாய்க்கால் கரையிலிருந்து
ஈரக்கையோடு ஓடிவந்தார்கள்.
குழாய்க்குக் கீழே நெருக்கியடித்து நின்றார்கள்.
நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

அந்த வார்த்தை வருகிற இடத்தில்
அவள் என்னவோ வாயசைத்தாள்,
தெரிந்தவள் மாதிரி.
கேட்டிருக்கலாம்.
அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.